முன்னால் நின்ற சைபர்

இந்தப் பதிவு கொஞ்சம் நீளம். ஒரு டீ போட்டு எடுத்துக்கொண்டு வந்து உட்காருங்கள்.

எங்கள் ஊர் நெட்டப்பாக்கம். புதுச்சேரி யூனியன் பிரதேசம். இதைச் சொல்லவா ஒரு பதிவு என்று கேட்காதீர்கள், விஷயம் இருக்கிறது.

சில மாதங்களுக்கு முன்னால் ஒரு உதவித்தொகைக்கு ஆன்லைனில் விண்ணப்பம் போட உட்கார்ந்தேன். (எந்தத் தளம் என்று சொல்லப்போவதில்லை.) முதல் பக்கத்தில் பின்கோடு கேட்டது. 605-ல் ஆரம்பிக்கும் எங்கள் ஊர்ப் பின்கோடைப் போட்டேன். உடனே 'மாநிலம்' என்ற கட்டத்தில் 'தமிழ்நாடு' என்று தானாக வந்து உட்கார்ந்துகொண்டது. மாற்றவும் விடவில்லை. போகட்டும் என்று அடுத்த பக்கத்துக்குப் போனால், அங்கே இருப்பிடச் சான்றிதழ் விவரம் கேட்டது. அதில் புதுச்சேரி. 'மாநிலம் பொருந்தவில்லை' என்று சிவப்பு எழுத்தில் ஒரு வரி. முன்னால் போனால் தமிழ்நாடு, பின்னால் போனால் புதுச்சேரி. அன்றைக்குக் கடைசி நாள் வேறு. அம்மா பக்கத்தில் நின்றுகொண்டு "என்னடா ஆச்சு, என்னடா ஆச்சு" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். கடைசியில் நேரில் போய்க் காகிதத்தில் எழுதிக் கொடுத்துத்தான் தீர்ந்தது.

அப்புறம் யோசித்துப் பார்த்தேன். முதல் பக்கம் எழுதியவர் மேல் தப்பில்லை மாதிரிதான் தெரிகிறது. 1972-ல் பின்கோடு வந்தபோது அது தபால் போகும் வழியைச் சொல்லத்தான் வந்தது, மாநிலத்தைச் சொல்ல வரவில்லை. 605 எங்களுக்கும் உண்டு, விழுப்புரத்துக்கும் உண்டு. காரைக்காலுக்கு 609, மாஹேவுக்குக் கேரளத்தின் 673, ஏனாமுக்கு ஆந்திரத்தின் 533. இரண்டாம் பக்கம் எழுதியவர் சான்றிதழைப் பார்த்தார், அதுவும் சரி. இரண்டு பேரும் ஒரே முகவரியைத்தான் படித்தார்கள். ஆளுக்கு ஒரு மாதிரி படித்தார்கள். நடுவில் மாட்டிக்கொண்டது நான்.

என் விஷயத்தில் போனது ஒரு நாள் அலைச்சல். இதே கூத்து கம்ப்யூட்டரின் முகவரியில் நடந்தால் என்ன ஆகும்? நடந்திருக்கிறது. நாற்பது வருடமாக நடந்துகொண்டிருக்கிறது. 2021-ல் அது வெடித்தபோது பைத்தான், ரஸ்ட், கோ, பெர்ல், ஜாவாஸ்கிரிப்ட் என்று பெரிய பெரிய மொழிகளின் லைப்ரரிகள் எல்லாம் வரிசையாக மாட்டின. காரணம்? எண்ணுக்கு முன்னால் நின்ற ஒரே ஒரு சைபர். சைபர் செக்யூரிட்டி என்ற பெயருக்கு இதைவிடப் பொருத்தமான கதை கிடைக்காது :)

சைபருக்கு மதிப்பு உண்டா?

எண்ணுக்குப் பின்னால் சைபர் வந்தால் மதிப்பு, முன்னால் வந்தால் மதிப்பில்லை என்றுதான் ஒன்றாம் வகுப்பிலிருந்து நமக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். 7-ம் 007-ம் ஒன்றுதான் (ஜேம்ஸ் பாண்டைத் தவிர).

ஆனால் டெலிபோன்காரர்களிடம் கேட்டுப்பாருங்கள். எங்கள் எஸ்.டி.டி. கோடு 0413. வெளியூரிலிருந்து லேண்ட்லைனுக்குப் போட அந்த சைபர் வேண்டும். அதே எண்ணுக்கு வெளிநாட்டிலிருந்து போட்டால் 91-க்குப் பிறகு 413 மட்டும்தான், சைபரைச் சேர்த்தால் போகாது. ஆக சைபருக்கு மதிப்பு உண்டா இல்லையா என்பது யார் படிக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது.

இப்போது ஐ.பி. முகவரிக்கு வருவோம். இணையத்தில் இருக்கும் ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் ஒரு எண் உண்டு. பழைய நான்காம் பதிப்பில் அது 32 பிட் நீளமுள்ள ஒரே எண். மனிதர்கள் படிப்பதற்காக அதை நான்கு துண்டாக வெட்டி, நடுவில் புள்ளி வைத்து எழுதுகிறோம். 192.168.1.5 என்பது மாதிரி. ஒவ்வொரு துண்டும் 0 முதல் 255 வரை இருக்கலாம்.

உங்களிடம் லினக்ஸ் இருந்தால் ஒரு சின்ன வேலை செய்யுங்கள். 'பிங்' கட்டளையில் 010.8.8.8 என்று கொடுங்கள். 10.8.8.8-க்குப் போகும் என்றுதானே நினைப்பீர்கள்? போகாது. 8.8.8.8-க்குப் போகும், அதாவது கூகுளின் டி.என்.எஸ். சர்வருக்கு. எங்கள் லேபில் நான் எல்லா முகவரியையும் மூன்று மூன்று இலக்கமாக, பார்க்க அழகாக, 192.168.010.025 என்று நோட்டில் எழுதி வைத்திருந்தேன். அதை அப்படியே அடித்தபோது பதிலே வரவில்லை. கேபிளைப் பிடுங்கிப் பிடுங்கி மாட்டிப் பார்த்தேன். அது போய்க்கொண்டிருந்தது 192.168.8.21-க்கு!

ஏன் என்றால், முன்னால் சைபர் வந்தால் அது எட்டடிமான எண் என்று கம்ப்யூட்டர் எடுத்துக்கொள்கிறது. எட்டடிமானத்தில் 010 என்றால் நம் 8. 025 என்றால் இரண்டு எட்டு பதினாறு, அதோடு ஐந்து, 21.

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது? இங்கேதான் வரலாறு ஆரம்பிக்கிறது.

பெல் லேபிலிருந்து பெர்க்கிலிக்கு

1960-களில் பல கம்ப்யூட்டர்களின் சொல் நீளம் இப்போது மாதிரி 32, 64 என்று இருக்கவில்லை. பி.டி.பி.-8-க்கு 12 பிட், பி.டி.பி.-7-க்கு 18 பிட். இரண்டும் மூன்றால் வகுபடும். மூன்று பிட்டுக்கு ஒரு எட்டடிமான இலக்கம் என்று எழுதினால் கச்சிதமாக முடியும். அதனால் அந்தக் காலத்து ஆட்களுக்கு எட்டடிமானம் தாய்மொழி மாதிரி. பெல் லேபில் கென் தாம்ப்சன் உருவாக்கிய பி மொழியில், சைபரில் ஆரம்பிக்கும் எண் எட்டடிமானம் என்று ஒரு விதி வந்தது. டென்னிஸ் ரிட்சியின் சி மொழி அதை அப்படியே வாங்கிக்கொண்டது. இன்றைக்கும் லினக்ஸில் ஃபைல் அனுமதிக்கு 755, 644 என்று போடுகிறோமே, அது அந்த எட்டடிமானத்தின் மிச்சம்தான்.

1981 செப்டம்பரில் ஐ.பி. நெறிமுறையை விளக்கும் ஆர்.எஃப்.சி. 791 வெளிவந்தது. முகவரி 32 பிட் என்று அது தெளிவாகச் சொன்னது. ஆனால் அதை மனிதர்கள் எழுத்தில் எப்படி எழுத வேண்டும், என்ன எழுதலாம், எது கூடாது என்று இலக்கணம் வகுக்கவில்லை. கம்பியில் போவது பிட்தானே, காகிதத்தில் எப்படி எழுதினால் என்ன என்று விட்டிருக்கலாம். வம்பு முளைத்தது அந்த இடைவெளியில்தான்.

அதே மாதம் ஜான் போஸ்டல் தொகுத்த ஆர்.எஃப்.சி. 790 என்ற ஆவணமும் வந்தது. யார் யாருக்கு எந்த எண் என்ற பட்டியல். அதில் அவர் எண்களை மூன்று மூன்று இலக்கமாக, முன்னால் சைபர் போட்டு எழுதியிருந்தார். ஆர்ப்பாநெட்டுக்கு 010. என் நோட்டில் நான் எழுதிய மாதிரியே! பத்தியில் வரிசையாக நிற்கட்டும் என்ற எண்ணமாகத்தான் இருக்கும். அவர் குறிப்பிட்டது சாதாரண பத்து.

இரண்டு வருடம் கழித்து, 1983-ல், கலிஃபோர்னியாவின் பெர்க்கிலி பல்கலைக்கழகத்திலிருந்து 4.2 பி.எஸ்.டி. யூனிக்ஸ் வந்தது. இணையத்துக்கான சாக்கெட் நிரல்கள் எல்லோர் கைக்கும் போய்ச் சேர்ந்தது அதன் வழியாகத்தான். எழுத்தில் இருக்கும் முகவரியை 32 பிட் எண்ணாக மாற்ற அதில் ஒரு சின்னச் செயல்கூறு இருந்தது. அதை எழுதியவர்கள் சி மொழியில் ஊறியவர்கள். எண்ணை எப்படிப் படிப்பது? சி மொழி மாதிரியேதான்! முன்னால் சைபர் என்றால் எட்டடிமானம். சைபரும் எக்ஸும் வந்தால் பதினாறடிமானம். மற்றவை சாதாரண எண்.

அதோடு நிற்கவில்லை. நான்கு துண்டு இருந்தே ஆக வேண்டும் என்றில்லை, மூன்று, இரண்டு, ஒன்றுகூடப் போதும் என்றும் வைத்தார்கள். அந்தக் காலத்தில் முகவரி என்பது 'நெட்வொர்க் எண், அதற்குள் கம்ப்யூட்டர் எண்' என்று பிரிந்திருந்ததால் அது ஒரு வசதி.

விளைவைப் பாருங்கள். 127.0.0.1 என்பது 'நானேதான்' என்று ஒரு கம்ப்யூட்டர் தன்னைத்தானே கூப்பிட்டுக்கொள்ளும் முகவரி. அதை 127.1 என்று எழுதலாம். 0177.0.0.1 என்று எழுதலாம். 2130706433 என்று ஒரே எண்ணாகவும் எழுதலாம். எல்லாம் ஒரே வீடு, நான்கு பெயர்ப்பலகை.

போஸ்டல் எழுதிய 010-ஐ எடுத்து பெர்க்கிலியின் செயல்கூறிடம் கொடுத்தால் அது 8 என்று படிக்கும். அதாவது இணையத்தின் முகவரிப் பட்டியலும், இணையத்தைப் பரப்பிய நிரலும் முதல் இரண்டு வருடத்துக்குள்ளேயே ஒரே எழுத்தை வேறு வேறு மாதிரி படிக்க ஆரம்பித்துவிட்டன. யாரும் கவனிக்கவில்லை. கவனிக்க அவசியமும் வரவில்லை, ஏனென்றால் அப்போது இணையத்தில் இருந்தவர்கள் பெரும்பாலும் ஒருவரையொருவர் தெரிந்தவர்கள்.

இன்னொன்றும் உண்டு. அனுப்பும்போது கண்டிப்பாக இரு, வாங்கும்போது தாராளமாக இரு என்று ஒரு கொள்கை 1980-ல் போஸ்டலே எழுதியது. வேறு வேறு ஊர்களில் வேறு வேறு ஆட்கள் எழுதிய நிரல்கள் ஒன்றோடொன்று பேச அந்தத் தாராளம் பெரிய உதவி செய்தது. ஆனால் ஆளுக்கொரு அளவில் தாராளமாக இருந்தால் என்ன ஆகும் என்பதைப் பின்னால் வந்தவர்கள்தான் அனுபவித்தார்கள்.

உள்ளேயா, வெளியேயா?

இங்கே கொஞ்சம் எங்கள் ஊர்ப் பெருமை பேசிக்கொள்கிறேன், விஷயத்தோடு சம்பந்தம் உண்டு.

புதுச்சேரி மாவட்டத்தின் வரைபடத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அது ஒரே துண்டாக இருக்காது. நடுநடுவே தமிழ்நாடு புகுந்து வரும். பிரெஞ்சுக்காரர் காலத்தில் இது சர்வதேச எல்லை! ஒரு வயல் பிரான்ஸ், அடுத்த வயல் இந்தியா. இப்படிப்பட்ட எல்லையைக் காப்பது எவ்வளவு கஷ்டம்? 1954 மார்ச் கடைசியில் எதுவார் குபேர் குழுவினர் நெட்டப்பாக்கத்தில்தான் இந்தியக் கொடி ஏற்றி, விடுதலைப் போராட்டத்துக்கு மையமாக்கினார்கள். சுற்றிலும் இந்தியப் பகுதி என்பது அவர்களுக்குப் பெரிய பலம். அந்த வருடம் நவம்பர் 1-ல் நிர்வாகம் இந்தியாவிடம் வந்துவிட்டது. எது உள்ளே எது வெளியே என்பது குழப்பமாக இருக்கும் எல்லை நிற்காது. எங்கள் ஊரைப் பொறுத்தவரை அது நல்லதாக முடிந்தது.

கம்ப்யூட்டர் உலகத்திலும் உள்ளே, வெளியே உண்டு. 10-ல் ஆரம்பிப்பவை, 192.168-ல் ஆரம்பிப்பவை, 172.16 முதல் 172.31 வரை உள்ளவை எல்லாம் உள்ளூர் முகவரிகள் என்று 1996-ல் ஆர்.எஃப்.சி. 1918 ஒதுக்கிவைத்தது. 127 சொந்த வீடு. மற்றதெல்லாம் பெரும்பாலும் வெளியூர். கம்பெனிக்குள் இருக்கும் சர்வர்கள் உள்ளூர் ஆளைக் கண்டால் பாஸ்வேர்டுகூடக் கேட்காமல் பேசிவிடும். பழகிய முகம் என்ற நம்பிக்கை.

இப்போது ஒரு வெப்சைட் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் ஒரு லிங்க் கொடுத்தால், அந்தத் தளத்தின் சர்வரே அங்கே போய்ப் படத்தை எடுத்து வந்து காட்டும். ஒரு விஷமி கம்பெனியின் உள் முகவரியை லிங்காகக் கொடுத்தால்? சர்வர் உள்ளூர் ஆள் ஆயிற்றே, அது போய்க் கேட்டால் உள்ளே இருப்பவை எல்லாம் கொட்டிவிடும். அதனால் வாசலில் ஒரு காவல்காரரை வைக்கிறார்கள். 'கொடுத்த முகவரி உள்ளூரா? அப்படியானால் போகாதே' என்று தடுப்பது அவர் வேலை.

விஷமி 0177.0.0.1 என்று எழுதிக் கொடுக்கிறான். காவல்காரர் சைபரைக் கண்டுகொள்ளாமல் 177.0.0.1 என்று படிக்கிறார். வெளியூர்தான், போகலாம் என்று விட்டுவிடுகிறார். அதே சீட்டை வண்டி ஓட்டுபவரிடம் கொடுத்தால், அவர் பெர்க்கிலியில் படித்தவர், எட்டடிமானத்தில் 127.0.0.1 என்று படித்து நேராக வீட்டுக்குள்ளே வண்டியை விடுகிறார். காவல்காரரும் தன் புத்தகப்படி சரி. டிரைவரும் தன் புத்தகப்படி சரி. வீடு மட்டும் போச்சு.

உள்ளே போனால் என்ன கிடைக்கும் என்பதற்கு 2019-ல் அமெரிக்காவின் கேப்பிடல் ஒன் வங்கியில் நடந்தது உதாரணம். அங்கே முன்சைபர் விவகாரம் கிடையாது, ஆனால் சர்வரையே தூதனுப்பி உள் முகவரியிலிருந்து சாவியை எடுக்கும் அதே வகைத் தாக்குதல். அமெரிக்காவில் சுமார் 10 கோடிப் பேர், கனடாவில் சுமார் 60 லட்சம் பேரின் விவரங்கள் போயின.

எச்சரித்தவர்கள்

முதல் மணி 1998 அக்டோபரிலேயே அடித்தது. மைக்ரோசாஃப்டின் இண்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 4 ஒரு குறுக்கு வழி வைத்திருந்தது. பெயரில் புள்ளியே இல்லை என்றால் அது ஆபீசுக்குள் இருக்கும் கம்ப்யூட்டர், அதை அதிகம் நம்பலாம் என்று. புள்ளியே இல்லாமல் ஒரே எண்ணாக ஐ.பி. முகவரியை எழுதலாம் என்று மேலே பார்த்தோமே? அப்படி எழுதினால் உலகின் எந்த மூலையில் இருக்கும் தளமும் 'ஆபீஸ் தளம்' ஆகிவிட்டது! மைக்ரோசாஃப்ட் திருத்தம் வெளியிட்டது. 2001-ல் அதே மாதிரி இன்னொரு ஓட்டை வந்து, மறுபடி ஒரு திருத்தம் வெளியிட வேண்டியிருந்தது.

2005 ஜனவரியில் வெப் முகவரிகளுக்கு இலக்கணம் வகுத்த ஆர்.எஃப்.சி. 3986-ல் இதற்கென்றே ஒரு சின்னப் பகுதி உண்டு. ஐ.பி. முகவரியின் இந்த அபூர்வ வடிவங்களை ஒவ்வொரு கம்ப்யூட்டரும் ஒவ்வொரு மாதிரி எடுத்துக்கொள்கிறது, எழுத்தில் இருக்கும் முகவரியைப் பார்த்து வடிகட்டுபவர்களுக்கு இது ஆபத்து என்று சொல்லியே இருக்கிறார்கள். 2013-ல் ஆர்.எஃப்.சி. 6943 இதை இன்னும் விரிவாக எழுதியது. 2017-ல் தைவானைச் சேர்ந்த ஆய்வாளர் ஆரஞ்ச் சாய், ஒரே லிங்கை வேறு வேறு மொழிகளின் லைப்ரரிகள் எப்படி வேறு வேறாகப் பிரிக்கின்றன என்று பிளாக்ஹேட் மாநாட்டில் ஒவ்வொன்றாக உடைத்துக் காட்டினார்.

படித்தவர்கள் படித்தார்கள். மற்றவர்கள் வழக்கம்போல லைப்ரரியை இறக்கிப் பயன்படுத்திக்கொண்டிருந்தார்கள். (நானும்தான்.)

2021: வரிசையாக விழுந்த விக்கெட்டுகள்

2021 மார்ச்சில் 'நெட்மாஸ்க்' என்ற ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரியில் ஓட்டை என்று செய்தி வந்தது. ஓட்டை எண் சி.வி.இ.-2021-28918. சின்ன லைப்ரரிதான். ஆனால் வாரத்துக்குச் சுமார் 30 லட்சம் முறை இறக்கப்பட்டுவந்தது. கிட்ஹப்பில் சுமார் 2,80,000 திட்டங்கள் அதை நம்பியிருந்தன என்று அப்போது எழுதினார்கள். கண்டுபிடித்த ஆய்வாளர் குழு முதலில் வேறொரு சின்ன லைப்ரரியின் ஓட்டையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. அதைச் சரிசெய்ய நெட்மாஸ்க்கைப் பயன்படுத்தலாம் என்று போனால், அதிலேயே சைபர் பிரச்சினை! 0177-ஐ 177 என்றும், 0127-ஐ 127 என்றும் அது படித்தது. உண்மையில் 0127 என்றால் 87. ஆக வெளியூரை உள்ளூர் என்றும் உள்ளூரை வெளியூர் என்றும் இரண்டு பக்கமும் தப்பு.

இதைப் பார்த்ததும் மற்றவர்கள் தங்கள் சட்டைப்பையையும் தடவிப் பார்த்தார்கள். பெர்லில் பல லைப்ரரிகள் மாட்டின. பைத்தான், ரஸ்ட், கோ மூன்றும் மாட்டின. இந்த மூன்றும் யாரோ ஓய்வு நேரத்தில் எழுதிய லைப்ரரி கிடையாது. மொழியோடு சேர்ந்தே வரும் அடிப்படை லைப்ரரி.

இதில் பைத்தான் கதைதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. பைத்தானின் ஐ.பி. லைப்ரரியில் முதலில் ஒரு வேலி இருந்தது. முன்னால் சைபர் வந்து, எட்டடிமானமா சாதாரண எண்ணா என்று குழப்பம் வந்தால் ஏற்காது. ஆனால் வேலி அரைகுறை. 7 வரை உள்ள எண்ணுக்கு விடும், அதற்கு மேல் விடாது. இது என்ன இரண்டும்கெட்டான் விதி என்று, 2019-ல் வந்த 3.8 பதிப்பில் வேலியையே எடுத்துவிட்டார்கள். எடுத்தவர்கள் நல்லெண்ணத்தில்தான் எடுத்தார்கள். அதன் பிறகு 010.8.8.8 என்று கொடுத்தால் பைத்தான் 'இது 10.8.8.8, உள்ளூர்' என்றது. கீழே இருக்கும் ஆபரேட்டிங் சிஸ்டமோ 8.8.8.8-க்குப் போனது. 2021-ல் 3.9.5 பதிப்பில் வேலியை மறுபடி போட்டார்கள், இந்த முறை முழுசாக. முன்னால் சைபர் வந்தால் கிடையாது, அவ்வளவுதான்.

ரஸ்ட் 1.53-லும் கோ 1.17-லும் அதே முடிவு. யார் சொல்வது சரி, 8-ஆ 10-ஆ என்று அவர்கள் பஞ்சாயத்து பண்ணவில்லை. இரண்டு அர்த்தம் வரும் எழுத்தை வாங்கவே மாட்டோம் என்று கதவைச் சாத்தினார்கள். போஸ்டல் சொன்ன தாராளத்துக்கு நேர் எதிர்.

சுபம் போடலாம் என்று பார்த்தால், இன்னும் ஒரு சிக்கல். கோ மொழியில் எழுதப்பட்ட குபர்நெட்டிஸ் உலகம் முழுக்க ஓடிக்கொண்டிருந்தது. யாரோ எப்போதோ முன்னால் சைபர் போட்டு எழுதிய முகவரிகள் அதன் சேமிப்பில் கிடக்கலாம். புதிய கோ வந்தால் நேற்று வரை செல்லுபடியான முகவரி இன்று செல்லாமல் போகும், ஓடிக்கொண்டிருப்பது நிற்கும். அதனால் குபர்நெட்டிஸ் குழு பழைய நிரலைப் பிரதி எடுத்துத் தனியாக வைத்துக்கொண்டது. அதற்கு வைத்த பெயரிலேயே 'ஏனோதானோ' என்று பொருள்படும் ஆங்கிலச் சொல் இருக்கிறது. நேர்மையான பெயர்! ஆனால் யோசித்துப் பாருங்கள், ஓட்டையை அடைத்த திருத்தத்தாலேயே உலகத்தில் இன்னும் ஒரு புது வாசிப்பு சேர்ந்துவிட்டது.

கதை அதோடும் முடியவில்லை. 2022 ஜனவரியில் எமோட்டெட் என்ற தீநிரலைப் பரப்பியவர்கள், எட்டடிமானத்திலும் பதினாறடிமானத்திலும் எழுதிய முகவரிகளை எக்ஸெல் ஃபைல்களில் ஒளித்து அனுப்பினார்கள். பிடிக்கும் மென்பொருளுக்கு அது முகவரி மாதிரியே தெரியாது, ஆனால் கம்ப்யூட்டர் போக வேண்டிய இடத்துக்குச் சரியாகப் போய்விடும். 2023-ல் 'ஐ.பி.' என்றே பெயர் கொண்ட ஒரு ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரியில் மறுபடி இதே வகை ஓட்டை பதிவானது. இதற்கு இவ்வளவு பெரிய அபாய முத்திரையா என்று அதை எழுதியவர் நொந்துபோய், 2024-ல் கிட்ஹப்பில் அந்தத் திட்டத்தைக் கொஞ்ச நாள் பூட்டியே வைத்தார். சம்பளம் இல்லாமல் எழுதிக் கொடுத்தவர் அவர். அவர் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது.

நம் எண்களும் மாட்டும்

இதைப் படித்துக்கொண்டிருந்தபோது எனக்கு ஒரு குறும்பு தோன்றியது. தமிழ் எண்களைப் போட்டால்?

பைத்தானைத் திறந்து '௧௨௭' என்ற எழுத்தை எண்ணாக மாற்றச் சொன்னேன். சமர்த்தாக 127 என்றது! யூனிகோடில் எந்த மொழியின் இலக்கமாக இருந்தாலும் அது ஏற்கும். ஜாவாஸ்கிரிப்டில் 'இலக்கமா என்று பார்' என்ற அதே குறியைக் கொடுத்தால், ௧௨௭ இலக்கமே இல்லை என்கிறது. பைத்தானில் அதே குறி, இலக்கம்தான் என்கிறது. காவல்காரர் ஒரு மொழி, டிரைவர் ஒரு மொழி என்று வைத்தால் என்ன ஆகும் என்று நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள். நல்லவேளை, பைத்தானின் ஐ.பி. லைப்ரரி மட்டும் 0 முதல் 9 வரையுள்ள சாதாரண இலக்கங்களைத் தவிர வேறு எதையும் வாங்குவதில்லை. எழுதியவர்கள் இதை முன்கூட்டியே யோசித்திருக்கிறார்கள்.

இன்னும் ஒரு படி மேலே போனால், நம் தாத்தாக்கள் 127-ஐ ௧௨௭ என்று எழுதியிருக்க மாட்டார்கள். ௱௨௰௭ என்று எழுதியிருப்பார்கள். நூறு, இரண்டு பத்து, ஏழு. பழைய தமிழ் முறையில் சைபரே கிடையாது. முன்னால் சைபர் என்ற பிரச்சினையே எழாது :) ஆனால் வேறு பிரச்சினை உண்டு. ௧ என்ற எண்ணும் க என்ற எழுத்தும் பார்க்க ஒன்று. ௨-ம் உ-வும், ௭-ம் எ-வும், ௮-ம் அ-வும் அப்படியே. கண்ணுக்கு ஒன்று, கம்ப்யூட்டருக்கு வேறு. 2010-11-ல் .இலங்கை, .சிங்கப்பூர், .இந்தியா என்று தமிழிலேயே வெப் முகவரிகளின் கடைசிப் பகுதி வந்தது. அந்தக் கடைசிப் பகுதிக்கான உலகப் பொது விதிகளில் இலக்கங்களுக்கே இடம் கொடுக்கவில்லை. பாட்டி வீட்டுப் பாத்திரத்தில் பொறித்த எண்ணைப் பார்த்து எழுத்து என்று படித்தவர்களுக்கு அந்த விதியின் நியாயம் புரியும்.

என்ன செய்யலாம்?

நாளைக்கு நாமும் நிரல் எழுதப்போகிறவர்கள். நான் கற்றுக்கொண்டதைச் சொல்லி முடிக்கிறேன்.

முதலாவது, எழுத்தாக வரும் முகவரியை ஒரே ஒரு முறை படியுங்கள். படித்து 32 பிட் எண்ணாக மாற்றிய பிறகு, அந்த எண்ணைத்தான் சோதிக்க வேண்டும். அதே எண்ணோடுதான் இணைக்க வேண்டும். பழைய சீட்டை மறுபடி இன்னொருவரிடம் படிக்கக் கொடுக்கக் கூடாது.

இரண்டாவது, இரண்டு அர்த்தம் வருவதை ஊகித்துச் சரிசெய்யாதீர்கள். திருப்பி அனுப்புங்கள். 'இதைத்தான் சொல்ல வந்திருப்பார்' என்ற நல்ல மனசு, வாசலில் நிற்கும் காவல்காரருக்கு ஆகாது.

மூன்றாவது, வேலியை எடுக்கும் முன் அது ஏன் அங்கே நிற்கிறது என்று கேளுங்கள். அரைகுறை வேலியாக இருந்தாலும் சரி.

நாற்பது வருடக் கதையில் வில்லன் என்று ஒருவரைக் காட்டச் சொன்னால் என்னால் முடியவில்லை. போஸ்டல் பத்தி நேராக நிற்கட்டும் என்று சைபர் போட்டார். பெர்க்கிலிக்காரர்கள் தங்களுக்குத் தெரிந்த சி மொழி மாதிரி படித்தார்கள். நெட்மாஸ்க் எழுதியவர் ஒன்றாம் வகுப்பில் சொல்லிக்கொடுத்த மாதிரி படித்தார். தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொருவரும் சரி. சேர்த்து வைத்தபோதுதான் ஓட்டை.

எங்கள் ஊர் தமிழ்நாட்டில் இருக்கிறதா, புதுச்சேரியில் இருக்கிறதா என்று அந்த விண்ணப்பத்தின் இரண்டு பக்கங்களும் கடைசி வரை ஒத்துக்கொள்ளவில்லை. அதை எழுதிய இரண்டு பேரும் ஒரு நாள் ஒரு டீக்கடையில் உட்கார்ந்து பேசியிருந்தால் தீர்ந்திருக்கும். முடிந்தால் நெட்டப்பாக்கத்துக்கே வரட்டும், டீ நான் வாங்கித் தருகிறேன். பின்கோடு 605-ல் ஆரம்பிக்கும். மாநிலத்தை மட்டும் கேட்டுவிட்டு எழுதச் சொல்லுங்கள்.